கன்ட்ரி பாடிய மட்டக்களப்பு அக்கா

ரொறன்ரோவில் அக்கா ஹைவே நானூற்றொன்றில் ஏறியது தவறுதலாகத்தான். நாங்கள் வெங்காயம் வாங்கப் புறப்பட்டிருந்தோம். அவருக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மோர்னிங்சைட் வீதியில் கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பால் லொறி வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று அக்கா காரை மறுபக்கம் வெட்டினார். வெட்டிய பாதை வளைந்து, சரிந்து, எங்களை நேரே ஹைவேயில் கொண்டுபோய் விட்டது. இரண்டு பக்கமும் பெரிய லொறிகள் கார் ஆடும்படி விரைந்தன. நான் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

“அக்கா, நிப்பாட்டுங்கோ!”

“ஹைவேயில எப்பிடிப் புள்ள நிப்பாட்டுற? நிப்பாட்டினாத்தான் சாவம். போவம்.”

“எங்கை போறது?”

“ரோட்டு எங்க போகுதோ அங்க.”

ரோட்டு கிழக்கே, ஒஷாவா என்ற கார்த் தொழிற்சாலை ஊருக்குப் போனது. தமிழ்ப் பெண்ணொருத்தி, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரியைப் பாடும் பாட்டுக்காரியான கதை அன்றைக்குத் தொடங்கியது. அந்தக் காரின் முன்சீற்றில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. “என்ட பேர எழுதுறெண்டா முழுசா எழுது, இல்லாட்டி விடு” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். முழுப்பெயர் தகப்பன் பெயரோடு சேர்ந்து ஒரு வரிக்கு நீளும். நான் விட்டுவிடுகிறேன்.

அவரை முதலில் கண்டது எண்பத்து மூன்றின் கடைசியில், எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்த இடம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரண்டு மாதம். ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அகப்பட்டுப் பட்டது போதாதென்று இங்கே குளிரும் சேர்ந்து என்னை ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தது. லிஃப்டில் யாராவது ஏறினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். அப்படிப்பட்ட நான் உடுப்புக் கூடையோடு கதவைத் திறந்தால், இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாக ஒரு பெண்குரல். ஆங்கிலப் பாட்டு. நெஞ்சுக்குள்ளிருந்து தடிப்பாக வந்த குரல் சட்டென்று துள்ளி உச்சிக்கு ஏறியது. அங்கே சிறுபிள்ளைக் குரலாக மாறி, மறுபடியும் கீழே விழுந்தது. ஏறி விழுந்து, ஏறி விழுந்து. அதற்கு யோடலிங் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது யாரோ வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்து வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தேன்.

பாடியவர் தலையை நிமிர்த்தினார். கறுப்பான, உயரமான பெண். கொண்டை. மூக்குத்தி. கையில் கணவரின் நனைந்த சேர்ட்.

“என்னகா, பயந்திட்டியா? தமிழ்தானே? வா, இந்த மெசின் சும்மா கிடக்கு.”

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

எழுபதுகளிலேயே வந்துவிட்டவர். கணவர் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் கீறும் வேலை. அக்கா ஊரில், மட்டக்களப்பு ரெலிபோன் எக்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிப் பெண். அவளிடம் கிற்றார் இருந்தது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கன்ட்ரி பாட்டு வரும். இருவரும் கேட்டு, மனப்பாடம் பண்ணி, திங்கட்கிழமை அழைப்புக் குறைந்த நேரம் மெல்லப் பாடிக்கொள்வார்களாம்.

“அது வெள்ளைக்காரன்ட பாட்டல்லோ அக்கா” என்று கேட்டேன்.

“என்னத்த வெள்ளைக்காரன்? மாடு துலைஞ்சுபோச்சு, மழை வரல்ல, மனிசி விட்டிட்டுப் போயிற்றாள். இதத்தானே எங்கட படுவான்கரையில மாட்டுப் பட்டிக்காரன் விடிய விடியப் பாடுறான். அவனுக்குத் தொப்பி இல்ல, அவ்வளவுதான்.”

இனி ஒஷாவா.

ஹைவேயை விட்டு இறங்கியதும் அக்காவுக்கு அவசரமாக ஒரு பாத்ரூம் வேண்டியிருந்தது. எனக்கு என் கணவரைக் கூப்பிட ஒரு தொலைபேசி. முதலில் கண்ணில் பட்ட கட்டடத்தின் முன்னால் காரை நிறுத்தினோம். அது ஒரு குடிசாலை. பக்கக் கதவுக்கு மேலே பழைய காலத்து எழுத்துகள், வெள்ளை அடித்து மறைத்தும் மறையாமல் தெரிந்தன: பெண்களும் அவர்களை அழைத்து வருவோரும் இவ்வழியால். முன்கதவு அந்தக் காலத்தில் ஆண்களுக்கு மட்டும். அக்கா அதை அண்ணாந்து வாசித்தார்.

“நீ என்னக் கூட்டிக்கொண்டு வாறாய் எண்டு வைப்பம்” என்று சொல்லிவிட்டு முன்கதவால் போனார்.

சனிக்கிழமைப் பின்னேரம். உள்ளே சிகரெட் புகை. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆட்கள், மேசை மேசையாகப் பியர். ஒரு சின்ன மேடையில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வயதான மனிதர், கிற்றாரை மேசைபோல் முன்னால் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து வந்த சத்தம் யாரோ அழுதுகொண்டே சிரிப்பதுபோல் இருந்தது. அவர் பெயர் வால்டர் என்று பிறகு அறிந்தோம். சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் மேடையேறி ஒரு பாட்டுப் பாடலாம் என்று சுவரில் எழுதியிருந்தது.

நான் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் இருந்து வெளியே வந்த அக்கா என்னிடம் வரவில்லை. நேரே மேடையை நோக்கி நடந்தார். கைத்தறிச் சேலை, அதற்கு மேல் தடித்த கோட், காலில் பனிச்சப்பாத்து. கண்டதும் மேசைகளில் பேச்சு நின்றது.

“என்ன பாடப்போறீங்க அம்மா?” என்று வால்டர் குனிந்து கேட்டார்.

அக்கா ஒரு ரயில் பாட்டைச் சொன்னார். வால்டரின் புருவம் உயர்ந்தது. “அது யோடல் பாட்டு.”

“தெரியும்.”

முன்மேசையில் இருந்த ஒருவன் உரக்கக் கத்தினான். “ஏய் பாம்பாட்டி, உன்ர பாம்பு எங்கே?”

பெரிய சிரிப்பு. மணி அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை நான் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அக்கா மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தார். ஒப்பரேட்டர் ஆங்கிலத்தில், அழைப்பை இணைத்துவிடும் அதே மரியாதையோடு சொன்னார்:

“பாம்புக்கு இன்றைக்கு லீவு சார். நான்தான் வந்திருக்கிறேன்.”

இப்போது சிரிப்பு அவனைப் பார்த்துத் திரும்பியது. அது அடங்குவதற்குள் அக்கா தொடங்கிவிட்டார். வாத்தியக்காரருக்குச் சைகை இல்லை, ஒன்று இரண்டு மூன்று இல்லை. எடுத்த எடுப்பிலேயே யோடல். குரல் நெஞ்சிலிருந்து கூரைக்குப் பாய்ந்தது. பியர் ஊற்றிக்கொண்டிருந்தவன் ஊற்றுவதை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தான். கோப்பை நிரம்பி வழிந்து மேசையெல்லாம் ஓடியது. வால்டர் பாய்ந்து உட்கார்ந்து இரும்பைக் கம்பியில் வைத்தார். மற்ற மூவரும் ஓடிப்போய் ரயிலில் தொற்றுவதுபோல் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் சரணத்தில் ஆட்கள் மேசையில் தட்டத் தொடங்கினார்கள். கடைசி யோடலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாம்பு கேட்டவனும் நின்றான். நான் தொலைபேசியைத் தொங்கவிட்டுவிட்டுக் கைதட்டினேன். மறுமுனையில் என் கணவர் ‘ஹலோ ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தாராம்.

“வருகிற சனிக்கிழமை வருவீர்களா?” என்று வால்டர் கேட்டார்.

“வருவேன்.”

வெளியே வந்ததும் நான் கேட்டேன். “எப்பிடி அக்கா வருவியள்?”

“வந்த வழியாலதான்.”

காருக்குள் ஏறினோம். அக்கா சாவியைப் போட்டார். திருப்பவில்லை. பார்த்தால், அவருடைய இரண்டு முழங்காலும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. பற்களும்.

“அக்கா! உங்களுக்குப் பயமே?”

“பின்ன? பயமில்லாம?” மூச்சு வாங்கினார். “எனக்கும் பயம் வரும் புள்ள. அது வந்து சேருறதுக்கு முன்ன நான் போயிருவன். அது பிந்தித்தான் வரும். இப்ப வந்திருக்கு. கொஞ்சம் பொறு, போயிரும்.”

கால் நிற்கும்வரை அந்தக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தோம். இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் மூச்சின் புகார் படிந்தது.

வீட்டுக்கு வந்தால் அத்தான் கதவைத் திறந்தார். அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மிகக் குறைவாகப் பேசுபவர்.

“வெங்காயம் எங்க?”

“பாடினனான்” என்றார் அக்கா.

“எங்க?”

“ஒஷாவாவில.”

அத்தான் நன்றாக யோசித்தார். “ஒஷாவாவில வெங்காயம் இல்லையா?”

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையில் இருந்து அத்தானும் வந்தார். மூலை மேசையில் தோடம்பழச் சாறோடு உட்கார்ந்து, எல்லாப் பாட்டும் முடியும்வரை மேடையில் இருந்து கண் எடுக்கமாட்டார். கைதட்ட மாட்டார். அக்கா இறங்கியதும் கோட்டைப் பிடித்து உதவுவார்.

அந்த வசந்தத்தில்தான் என் அகதி விண்ணப்பத்துக்கான குடிவரவு விசாரணையும் வந்தது. அக்கா கூட வந்தார். பெயர் கூப்பிட்டதும் என்னால் எழும்ப முடியவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, கதவைத் திறந்து, முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். “நீ உள்ள போ. பயம் பின்னால வரட்டும்.” போனேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். வெளியே வந்தபிறகுதான் அழுகை வந்தது. அக்கா கைக்குட்டையோடு காத்திருந்தார், எனக்கு அது பிந்தி வரும் என்று தெரிந்தவர்போல.

ஒரு வருடத்துக்குள் ஒஷாவா, பிறகு அதற்கு அங்கால் சின்னச் சின்ன ஊர்கள், பிறகு ரொறன்ரோ குயின் வீதியில்கூட ஒரு மண்டபம் என்று அக்கா பாடத் தொடங்கினார். வால்டரின் குழு அவருடைய குழு ஆகியது. அறிவிப்பில் அவர் பெயர் முன்னால், வால்டரின் பெயர் பின்னால். அந்த ஏற்பாட்டைச் சொன்னதே வால்டர்தான். அந்த வட்டாரத்தில் ஒரு குழுவுக்குப் பெண் தலைமை தாங்கி அவர் பார்த்ததில்லையாம். சேலை கட்டிய பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கதை எங்கள் ஆட்களுக்கும் எட்டியது. ஒரு ஞாயிறு காலை தமிழ்ச் சங்கத் தலைவரும் இன்னொருவரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நான் தேநீர் போட்டேன். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. வந்திறங்கும் சனத்துக்கு விமான நிலையத்தில் போய் நின்று வீடு தேடிக்கொடுப்பவர்.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. ஊரிலை சனம் செத்துக்கொண்டிருக்குது. இஞ்சை நீங்கள் குடிகாரருக்கு முன்னாலை தொப்பியும் போட்டுக்கொண்டு ஆடிப்பாடுறியள் எண்டு கதை வருது.”

“தொப்பி போடல்லண்ணே. கொண்ட குழம்பிப் போகும்.”

“பகிடி விடாதேங்கோ. நாங்கள் அகதியாய் வந்த சனம். மானம் ஒண்டுதான் மிச்சம்.”

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். “அண்ணே, ஒண்டு கேக்கிறன். நீங்க மாசா மாசம் கூட்டம் வைக்கிறீங்க. எங்கட நாட்டில என்ன நடக்குது எண்டு பேசுறீங்க. கேக்க ஒரு வெள்ளைக்காரனாவது வாறானா?”

தலைவர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

“நான் ஒவ்வொரு கிழமையும் ரெண்டு பாட்டுக்கு இடையில சொல்லுறன். நான் எங்க இருந்து வந்தன், அங்க என்ன கொளுத்தினாங்க, ஆர் ஆரக் காணல்ல எண்டு. அந்தக் குடிகாரர் கோப்பையக் கீழ வச்சிட்டுக் கேக்கிறாங்க. பாட்டு நல்லா இருந்தபடியாத்தான் கேக்கிறாங்க.”

“அதுக்காக...” என்று தொடங்கிய தலைவர் முடிக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அவர் லிஃப்டுக்குப் போய்விட்டார். கூட வந்தவர் வாசலில் சப்பாத்தைப் போடுவதுபோல் குனிந்துகொண்டு தாமதித்தார்.

“தங்கச்சி, அந்த ரயில் பாட்டு... நான் திருகோணமலையிலை வேலை செய்யேக்கை றேடியோவிலை கேட்டனான். ஒரு வரி பாடுவியளோ?”

அக்கா வாசலிலேயே பாடினார். முழுக் குரலில். நடையெல்லாம் எதிரொலித்தது. லிஃப்ட் வந்து திறந்து மூடியது எனக்குக் கேட்டது. தலைவர் ஏறாமல் நின்றிருக்கிறார். ஆனாலும் சங்கத்தின் மேடைக்கு அவர்கள் அக்காவை ஒருபோதும் கூப்பிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது.

இன்னொரு பக்கம், ஓர் இசைத்தட்டுக்காரர் டவுன்டவுனில் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். அக்காவை ஊரறியச் செய்கிறேன் என்றார். தலையில் இறகு, நெற்றியில் பெரிய பொட்டு, பின்னால் அட்டையில் வெட்டிய யானை. பெயரும் மாற்றவேண்டும், ஏதாவது பூவின் பெயராக.

“இறகு வைக்கிறது வேற இந்தியர், இந்த நாட்டுப் பழங்குடிகள்” என்றார் அக்கா. “நான் அந்த இந்தியரும் இல்லை, மற்ற இந்தியரும் இல்லை.”

“அது சின்ன விசயம்” என்றாராம் அவர்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே நடைபாதையில் வழக்கம்போல் முழங்கால் ஆடியது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, எதிர்க்கடைக்குள் போய்த் தனக்கு ஒரு சோடி கௌபோய் பூட்ஸ் வாங்கினார். மருதமுனைக் கைத்தறிச் சேலை, அதன் கரைக்குக் கீழே குதி உயர்ந்த பழுப்புப் பூட்ஸ். அந்தக் கோலம் அவராகவே தேர்ந்தது.

இசைத்தட்டும் வந்தது. வால்டர் போகும் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், சுவர்களில் கம்பளி தொங்கவிட்டு, ஒரு பின்னேரத்தில் பதிவு செய்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதை வால்டர் ஒரு வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் அப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். போர்த்துக்கல், ஜமேக்கா, இத்தாலி, எல்லா நாட்டுப் பெண்களும் வரிசையாக மெசின்களில் இருப்போம். மேலே தூணில் ஒரு வானொலி நாள் முழுக்கப் பாடும். ஒரு காலை அறிவிப்பாளர் சொன்னார்: “அடுத்த பாட்டை ஒரு புதுப் பாடகி பாடுகிறார். பெயரை வாசித்தால் என் பல்லெல்லாம் கொட்டிவிடும். அதனால் நேரே பாட்டுக்குப் போவோம்.”

அக்காவின் குரல்! நான் மெசினை நிறுத்திவிட்டு எழுந்து கத்தினேன். “இது என் அக்கா! என் அக்கா!” மேற்பார்வைக்காரி ஓடிவந்தாள். என்னைப் பார்த்து, வானொலியைப் பார்த்து, அவளும் நின்றுவிட்டாள். பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் மறுபடி வந்தார். குரல் கொஞ்சம் தடுமாறியது.

“தொலைபேசியில்... அந்தப் பாடகியே இருக்கிறார். வணக்கம் அம்மா.”

“காலை வணக்கம் சார்.” அதே ஒப்பரேட்டர் குரல். “நான் ரெலிபோன் எக்சேஞ்சில் வேலை செய்தவள். ஸ்கொட்லாந்துத் துரைமாரின் பெயர்களை எல்லாம் நாள் முழுக்கச் சொன்னவள். ஒரு பல்லும் விழவில்லை. நீங்களும் ஒருமுறை முயற்சி செய்யுங்கள். நான் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.”

நேரடி ஒலிபரப்பு. அவர் தப்ப வழியில்லை. அக்கா முதல் அசையைச் சொன்னார். அவர் திருப்பிச் சொன்னார். இரண்டாவது. மூன்றாவதில் நாக்குப் பிசகியது. “இல்லை சார், நாக்கை மேலே மடியுங்கள்.” தொழிற்சாலையில் மெசின்கள் ஒன்றொன்றாக நின்றன. பெண்கள் எல்லாரும் நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஜமேக்காக்காரி முதலில் சரியாகப் பிடித்துவிட்டாள். அறிவிப்பாளர் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு, தட்டுத் தடுமாறி ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது நாங்கள் போட்ட கூச்சல் வீதிக்குக் கேட்டிருக்கும்.

“நன்றி சார். இணைப்பைத் துண்டிக்கிறேன்” என்றார் அக்கா.

அதன் பிறகு அந்த நிலையத்தில் யாரும் பெயரை விழுங்கவில்லை.

அதே வருடம் அவருடைய அப்பா மட்டக்களப்பில் இறந்துபோனார். கொழும்பில் இருந்து யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். போக வழியில்லை. ரயில் ஓடவில்லை, ரோட்டில் ஆமி. செய்தி வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை அக்கா பாடப் போனார். நானும் அத்தானும் வேண்டாம் என்றோம். “நிண்டா அது என்னப் பிடிச்சிரும்” என்றார். அன்றைக்கு அவர் பாடியதுபோல் நான் கேட்டதில்லை. பிறகு காருக்குள் முழங்கால் ஆடத் தொடங்கியது. எப்போதும்போல் பொறுத்திருந்தோம். அன்றைக்கு அது நிற்கவில்லை. அத்தான்தான் வண்டியோட்டினார். அடுத்த மாதங்களில் அக்காவின் பேச்சுக் குறைந்தது. குரல் அடிக்கடி கம்மியது. சளி என்றார். சளி இல்லை. தொண்டையில் ஒரு கட்டி.

சத்திரசிகிச்சை செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று வைத்தியர் சொன்னபோது அத்தான் ஆசுபத்திரிச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். ஆனால் பல கிழமைகளுக்கு அக்கா ஒரு சொல்லும் பேசக்கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. நான் மதியச் சாப்பாட்டு நேரம் தொழிற்சாலையில் இருந்து அவரைக் கூப்பிடுவேன். அவர் தொலைபேசியை எடுத்து நகத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஓம். இரண்டு என்றால் இல்லை. நான் ஏதாவது பைத்தியக்காரக் கதை சொன்னால் சடசடவென்று தட்டுவார். அது சிரிப்பு.

குரல் திரும்பிய நாள் நான் அவர் குசினியில் இருந்தேன். தாழ்ந்த, சொரசொரத்த குரல். பேச்சுக்குப் போதும். ரயில் பாட்டின் முதல் யோடலை எடுத்தார். குரல் ஏறவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. மறுபடி எடுத்தார். காற்று. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல்முறையாகப் பயம் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

பூட்ஸை ஒரு பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். வால்டர் வந்தார். அக்கா நித்திரை என்று அத்தானைக் கொண்டு சொல்லவைத்தார். நண்பகல் அது. வால்டர் நம்பியதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாளில் மறுபடி வந்தார்.

இதற்கிடையில் இலையுதிர்காலச் சந்தை வந்தது. ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு கமக்காரர் ஊர். மாடும் பூசணியும் ஊறுகாயும் காட்டிப் பரிசு வாங்கும் விழா. அதன் கடைசிநாள் மேடைக்கு முன்வருடமே அக்காவை ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பெண்ணொருத்தி அந்த மேடையின் முதன்மைப் பாடகியாக வருவது அதுவே முதல்முறை. வாசலில் அவருடைய முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் பிசகாமல், பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

“போனில சொல்லிருவம், வர ஏலாதெண்டு” என்றார் அக்கா.

அத்தான் அன்று வழமையைவிட இரண்டு வார்த்தை கூடப் பேசினார். “பேர எழுதி வச்சிருக்காங்க. போய் நேரில சொல்லு. அதுதான் மரியாத.”

போனோம். வைக்கோல் கட்டுகளில் சனம் நிறைந்திருந்தது. பூட்ஸ் வீட்டில். அக்கா சாதாரணச் செருப்போடு மேடையேறினார். வால்டரும் குழுவும் வாத்தியங்களோடு தயாராக இருந்தார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, அல்லது அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

“எனக்குத் தொண்டையில் ஓர் ஒப்பரேசன் நடந்தது” என்றார் அக்கா மைக்கில். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் கூட்டம் அமைதியானது. “நீங்கள் கேட்க வந்த குரல் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன்.”

ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு கிழவரின் சத்தம். “இருக்கிற குரலில் பாடு!”

அக்கா மைக்கை விடவில்லை. கீழே முன்வரிசையில் இருந்த எனக்கு அவர் முழங்கால்கள் தெரிந்தன. பாட்டுக்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்தார். திடீரென்று குறும்பாக ஒரு சிரிப்பு. மைக்கிலேயே தமிழில் சொன்னார்:

“தமிழில பாடினா எது பிழையெண்டு ஒருத்தருக்கும் தெரியாதுகா!”

வால்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு சுருதியைச் சொன்னார். வழக்கத்தைவிட மிகக் கீழே. அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. அப்பா இறந்த பிறகு, பேசக்கூடாத அந்தக் கிழமைகளில், மனதுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்.

‘கை காட்டிப் போறன் அப்பா, கண்ணத் துடையுங்க,
காத்துத் திரும்பி வீசக்குள்ள போயிட்டு வாறன்.’

மட்டக்களப்பு ஸ்டேசனில் அப்பாவிடம் விடைபெற்ற பாட்டு. மெட்டு அசல் கன்ட்ரி. குரல் மண்ணோடு மண்ணாக, அடியில் நகர்ந்தது. யோடல் ஏறவேண்டிய இடம் வந்தது. அக்கா நிறுத்திவிட்டார். வெறும் இடைவெளி. அப்போது வால்டர் இரும்புத் துண்டைக் கம்பியில் மேல்நோக்கி வழுக்கினார். அக்காவின் பழைய குரல் போன வழியெல்லாம் அந்தக் கிற்றார் ஏறியது, உச்சியில் துள்ளியது, மெல்ல இறங்கி வந்து அவர் கையில் பாட்டைக் கொடுத்தது.

அத்தான் முதல்முறையாகக் கைதட்டினார். பாட்டு முடியுமுன்னே.

‘போயிட்டு வாறன், போயிட்டு வாறன்.’ இரண்டாம் முறை முன்வரிசைப் பெண்கள் சிலர் கூடச் சொன்னார்கள். மூன்றாம் முறை வைக்கோல் கட்டுகள் முழுவதும். கமக்காரர்கள், பரிசு நாடாவைக் குத்திக்கொண்ட பெண்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், எல்லாரும். நாக்கு மடிந்தும் மடியாமலும். அக்கா மைக்கை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

இறங்கி வந்ததும் ஒரு வயதான அம்மா அவர் கையைப் பற்றிக்கொண்டார். “நாங்கள் என்ன பாடினோம், மகளே?”

“நாங்கள் வீட்டை விட்டுப் போகும்போது ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டோம்” என்றார் அக்கா. “போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்வோம். திரும்ப முடியாவிட்டாலும் அப்படித்தான் சொல்வோம்.”

அந்த அம்மா நெடுநேரம் கையை விடவில்லை.

அதன் பிறகு அக்கா பாடியதெல்லாம் அந்தத் தாழ்ந்த குரலில்தான். அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். இன்னும் இரண்டு இசைத்தட்டுகள், ஒன்றில் பாதி தமிழ். அத்தானுக்கு மேற்கே வேலை மாறியபோது இருவரும் கல்கரிக்குப் போய்விட்டார்கள். அங்கே சேலையும் பூட்ஸுமாக அவர் மேடையில் நிற்கும் படம் எனக்கு வந்தது. கொண்டைக்கு மேல் தொப்பி.

ஆனால் எனக்கு அவர் என்றால் அந்தச் சந்தை நாள்தான். பொழுது சாயும் நேரம், காருக்குப் போகிறோம். நான் பக்கத்தில் நின்று அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. வயல்வெளியில் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைக் கடந்தன. முதல் வண்டி வேகம் குறைத்தது. ஓர் இளைஞன் ஜன்னலால் அரைவாசி வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி ஆட்டிக் கத்தினான்:

“போயித்து வாரன்!”

அடுத்த வண்டியிலிருந்து ஒரு குடும்பமே கத்தியது. அதற்கடுத்ததிலும். பின்பெட்டியில் மாட்டோடு நின்ற மனிதரும். அக்கா பாதையோரத்தில் இரண்டு கையையும் உயர்த்தி, இருக்கிற குரலெல்லாம் போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் பதில் கத்தினார்:

“வாங்க! வாங்க! போயிட்டு வாங்க!”